வேப்பிலை கட்டிய ஐஸ் பெட்டி

இன்று காலை மருமகள் ஸ்டோர் அறையிலிருந்து உன் நீல ஐஸ் பெட்டியை இழுத்து வந்து கூடத்தில் வைத்தாள். பள்ளி விடுமுறை. பிள்ளைகளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், குளிர்பானம் வைக்கப் பெட்டி வேண்டுமாம். "சும்மாதானே அத்தை கெடக்குது," என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தாள். குப்பென்று ஸ்பிரிட் வாடை வந்தது. பெட்டியின் அடியில் ஒரு மூலையில் கொஞ்சம் வேப்பிலை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க அவள் ஈரத்துணி எடுக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பேத்தி தொலைக்காட்சியை அணைத்துவிட்டாள்.

"அதத் தொடாதே. அது பல்கலைக்கழகத்துச் சாமான்," என்றேன்.

பொய்தான். பல்கலைக்கழகம் உனக்குக் கொடுத்த பெட்டி வெள்ளை நிறம், வெப்பமானி பொருத்தியது. அது வந்து சேரத் தாமதமாக, பொறுக்க மாட்டாமல் நீ சிரம்பானில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கியது இது. பிறகு வெள்ளைப் பெட்டி வந்தபோது அதிலிருந்த வெப்பமானியைக் கழற்றி இதில் மாட்டினாய். வெள்ளைப் பெட்டி உன் அலுவலக அலமாரி மேல் கடைசிவரை தூசி வாங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. உன்னோடு பேசியே ஆக வேண்டும் போல இருந்தது. நேரில் என்றால் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் குறுக்கே விழுவாய். எழுதினால் முடிக்கும்வரை சும்மா இருந்துதானே ஆக வேண்டும்.

ஊருக்கு நீ டாக்டரம்மா. பல்கலைக்கழகத்தில் சிறுநீரகத்தை ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர். எனக்கு நீ லாபு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்து என் பென்சிலையெல்லாம் கடித்து வைத்தவள். நீ படித்துப் படித்து எங்கெங்கோ போனாய். நான் தாதி வேலைக்குப் படித்து அரசாங்கக் கிளினிக்குகளில் ஊசி குத்திக்கொண்டே ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற கையோடு செண்டாயானில் மகன் வாங்கிய வீட்டுக்கு வந்து, இனிமேல் என்னைக் காலையில் ஐந்து மணிக்கு எழுப்ப யாரையும் விடமாட்டேன் என்று சபதம் போட்டிருந்தேன். அந்த வாரமே நீ வந்து வாசலில் ஹாரன் அடித்தாய்.

"ரிட்டையர் ஆயிட்டு என்னடீ செய்யப் போற? சீரியல் பாத்து அழப்போறியா?"

"ஆமா, அழுவேன். உனக்கென்ன?"

"என்கூட வா லா. ரத்தம் எடுக்கணும்."

"யாரு ரத்தம்?"

"நம்ம ஆளுங்க ரத்தம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் உனக்கு அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். உங்கப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். பீடி, கள் எதையும் தொடாத மனிதர். சர்க்கரை நோய் என்கிற இனிப்பு நீர் இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. ஆனாலும் இரண்டு சிறுநீரகங்களும் போயின. நீ மருத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வார்டில் ஒரு டாக்டர் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "இனிப்பு நீராகத்தான் இருக்கும், வீட்டில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கப்பா உன்னைப் பார்த்த பார்வையை நீ என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாய். "இல்லாத நோய எங்கப்பா தலையில கட்டிட்டாங்கடீ. அப்ப எந்த நோய்தான் அவரக் கொன்னுச்சு?" என்பாய். அந்தக் கேள்வியை நீ கடைசிவரை இறக்கி வைக்கவில்லை. அதற்காகத்தான் அத்தனை படிப்பும்.

நீ எனக்குப் புரியவைத்த விதம் இன்னும் நினைவிருக்கிறது. என் சமையலறையில் நின்றுகொண்டு, வடிகட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினாய். நாளெல்லாம் வெயில். குலையைத் தூக்கினால் உடம்பு தண்ணீராக ஊற்றும். குடிப்பதோ கொஞ்சம். மருந்து தெளிக்கும் பெண்கள் அதுவும் குடிப்பதில்லை, ஏனென்றால் தோட்டத்துக்குள் ஒதுங்க இடம் கிடையாது. இப்படியே ஆண்டுக்கணக்கில் போனால், இனிப்பு நீரோ கொதிப்போ இல்லாத உடம்பிலும் சிறுநீரகம் என்கிற இந்த வடிகட்டி மெல்ல மெல்லப் பழுதாகுமா? அதே ஆட்களின் ரத்தத்தை ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பேசி முடித்துவிட்டு வடிகட்டியைக் கழுவாமலே மாட்டிவிட்டுப் போனாய்.

முதலில் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தோம். சிரம்பானில் ஒரு கிளினிக்கில் இடம் வாங்கி, நாற்காலி போட்டு, பதாகை கட்டினோம். பழைய தோட்டத்து ஆட்கள் வீட்டுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினேன். எல்லாரும் வருகிறேன் என்றார்கள். அன்று வந்தவர்களைவிட நாம் வாங்கி வைத்த கறிபாப் பலகாரம் அதிகம். செண்டாயான் தொழிற்சாலையில் லீவு கிடைக்காது, நீலாயிலிருந்து பஸ் சரியில்லை, பேத்திக்குக் காய்ச்சல் என்று ஆளுக்கொரு காரணம். உன் உதவியாளர் ஃபாரா, கோலப்பிலாவிலிருந்து வந்த மலாய்ப் பெண், அப்போது வேலைக்குப் புதிது. அவள் பாவம், காலி நாற்காலிகளைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரில் நீ பேசவே இல்லை. உன் கோபம் எனக்குத் தெரியும். பேசினால் தப்பித்தோம், பேசாவிட்டால்தான் ஆபத்து. லாபு சாலை விளக்கில் வண்டி நின்றபோது, ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினாய்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு எடத்துல வந்து நிக்கிற நாளு எதுடீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீயே, "திருவிழா," என்றாய். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நீ சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தாய்.

உண்மைதான். தோட்டத்து வேலையாட்கள் இருந்த லயன் வீடுகளை இடித்து எத்தனையோ காலமாகிறது. ஆட்கள் செண்டாயான், நீலாய், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எங்கே இருந்தாலும் வந்துவிடுவார்கள். கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அன்று காலை காப்பைக் கழற்றிவிட்டு, மத்தியானம் முனியாண்டிக்குக் கெடா வெட்டிச் சாப்பாடு. அதுவரை ஊரே மரக்கறி.

"எல்லாரும் ஒரே மாதிரி சாப்பிட்டிருப்பாங்க. கறி தின்னா சிறுநீரகத்துக்குப் பாக்குற ரத்தப் பரிசோதனையில கணக்கு ஏறும்டீ. இவங்க யாரும் கறியே தொட்டிருக்க மாட்டாங்க. காப்பு கழட்டுனதும், கெடா சாப்பாட்டுக்கு முன்னால எடுத்துட்டா போதும். எந்தப் பல்கலைக்கழகம் இப்படி ஏற்பாடு பண்ணிக் குடுக்கும்?" என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாய். எனக்கு அப்போதே உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாமல் ஆடுவாய்.

கோயில் தலைவர் மாணிக்கம் அண்ணன் உனக்குப் பெரியப்பா மகன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். வேலையை விட்டும் அந்த அதிகாரக் குரலை விடாதவர். நாம் போய் விஷயத்தைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"கோயில் எல்லைக்குள்ள ஊசியா? ரத்தமா? அதெல்லாம் ஆகாது."

"அண்ணே, நாக்குல வேல் குத்துறீங்க. முதுகுல கொக்கி மாட்டி ரதம் இழுக்குறீங்க. கையில ஒரு சின்ன ஊசி குத்தக் கூடாதா?"

"அது ஆத்தா குத்துறது. அதுல ரத்தம் வராது."

"நான் குத்துனா வரணும். வரலைன்னாதான் பிரச்சினை."

மாணிக்கம் அண்ணன் சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார். உன்னிடம் வாயாடி ஜெயித்த ஆள் யார்? கடைசியில் காப்பு கழற்றிய பிறகு, மூலஸ்தானத்துக்கு நேர் எதிரே இல்லாமல், பந்தலின் ஓரத்தில் என்று ஒப்புக்கொண்டார். அதிலும் ஒரு நிபந்தனை. ஐஸ் பெட்டி எல்லைக்குள் வரும்போது வேப்பிலை கட்டி, மஞ்சள் நீர் தெளித்துத்தான் வர வேண்டும். நீ ஃபாராவைப் பார்த்தாய். ஃபாரா, ரத்தம் பிடிக்கும் குழாய்களின் மேல் தண்ணீர் படாமல் இருந்தால் போதும் என்றாள். பெட்டியின் கைப்பிடியில் வேப்பிலையை மாணிக்கம் அண்ணனே கட்டினார். அன்றிலிருந்து அது கோயில் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

அந்த முதல் ஆண்டுக் கூத்தை மறக்க முடியுமா? காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தேன். வந்தவர்களும் சத்தியம் பண்ணாத குறையாக, ஒன்றும் சாப்பிடவில்லை என்றார்கள். ஃபாரா விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க ஆரம்பித்தாள். ஒருவருக்கு ஏறியிருந்தது. அடுத்தவருக்கும் ஏறியிருந்தது. அடுத்தவருக்கும் அதே கதை. உன் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். இனிப்பு நீர் இல்லாதவர்கள் என்று நீ நம்பி வைத்திருந்த ஆட்கள் எல்லாம் ஒரே காலையில் கையை விட்டுப் போகிறார்கள். அந்த வார்டு டாக்டர் சொன்னதுதான் சரியோ என்றுகூட ஒரு நிமிடம் உனக்குத் தோன்றியிருக்கும்.

பிறகு நீ வரிசையில் நின்ற ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் போய் மூக்கைச் சுருக்கினாய்.

"பெரியம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமே இல்ல தாயி. பச்சத்தண்ணி பல்லுல படல."

"கோப்பி?"

"கோப்பி குடிச்சேன். அது குடிக்காம எப்படி எந்திரிக்கிறது?"

வரிசை முழுக்க அதே பதில். விடியுமுன் ஒரு மங்கு பால் சேர்க்காத வரக்கோப்பி, அதில் சீனி தாராளமாக. நம் தோட்டத்தில் அதை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்தார்கள்? விரதம் இருக்கிறவர்களே குடிப்பார்கள். அதே லயனில் பிறந்து, அதே கோப்பியைக் குடித்து வளர்ந்த நீயும் நானும் அதை மறந்துபோனோம் என்பதுதான் வெட்கக்கேடு. நீ நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஃபாராவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நானும் அவளும் நாள் கணக்காக விடியற்காலையில் வீடு வீடாகப் போய், கோப்பிச் சட்டி அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் விரலில் குத்தினோம். ஓய்வு பெற்றபோது நான் போட்ட சபதம் அத்தோடு போயிற்று.

அடுத்த ஆண்டு மாணிக்கம் அண்ணன் கோயில் மைக்கைப் பிடித்தார். "நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்குறவங்க யாரும் வரக்கோப்பி குடிக்கக் கூடாது. இது டாக்டரம்மா உத்தரவு. குடிச்சவங்களுக்குக் கெடா கறி இல்ல." அதற்கப்புறம் ஒவ்வொருவர் நாற்காலியில் உட்காரும்போதும் நீ கண்ணுக்கு நேரே பார்த்து, "கோப்பி குடிச்சாச்சா?" என்று கேட்பாய். பொய் சொன்னவர்கள் அந்தப் பார்வையில் மாட்டிக்கொண்டு எழுந்து போனதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஆண்டு கோப்பி குடிக்காதவர்கள் கூடினார்கள். வெளியூர் மருமகன்கள்கூட, எங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையை நீட்டினார்கள். தோட்டத்தில் வேலை செய்யாத உங்களை எடுக்க முடியாது என்று நீ சொன்னால் அவர்களுக்கு வருத்தம்.

பல்கலைக்கழகக் கருத்தரங்குக்கு நீ என்னை இழுத்துக்கொண்டு போனதையும் சொல்ல வேண்டும். மயில்கழுத்துப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குளிரில் பல் தந்தியடித்தது. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, கோயில் திருவிழாவில் போய் மாதிரி சேகரிப்பது முறையா, மருத்துவமனையில் எடுத்தால் என்ன என்று கேட்டார். நீ அவசரப்படவே இல்லை. "மருத்துவமனையில் காத்திருந்தால் நோய் முற்றியவர்கள்தான் வருவார்கள். முற்றுவதற்கு முன்னால் நான் அவர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் வந்து நிற்கும் இடத்துக்கு நான் போகிறேன்," என்றாய். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினாய். "ஒவ்வொரு துளி ரத்தத்தையும் எடுத்தவர் அதோ இருக்கிறார். என் பள்ளித்தோழி." அத்தனை தலையும் திரும்பியது. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். என் பணி ஓய்வு விழாவில் மாலை போட்டபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு நிறையவில்லை.

ரத்தம் எடுக்கும் கடைசிச் சுற்றுக்கு முந்தைய சில மாதங்களில் நீ இளைத்துக்கொண்டே போனாய். கேட்டால், உடம்பைக் குறைக்கிறேன் என்றாய். நான் தாதிடீ, என்னிடமா? கணையத்தில் கட்டி. படத்தை நீயே விளக்கிலே பிடித்துப் பார்த்து, "நல்லா தெளிவா எடுத்திருக்கான்," என்றாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது.

தெமியாங்கில் உன் வீட்டுக்குத் தினமும் வந்தேன். நீ பேசியதெல்லாம் அந்தக் கடைசிச் சுற்றைப் பற்றித்தான். ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆட்களில் பாதிப் பேர் இந்தத் தடவை வராவிட்டால் முன்னால் எடுத்ததெல்லாம் அரைகுறையாக நின்றுவிடும் என்று ஆராய்ச்சிக்குப் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவர் சொல்லியிருந்தார். அது உனக்கு மருந்தைவிடப் பெரிய கவலை.

ஒரு நாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டிருந்தேன். "சரசு, நான் காப்புக் கட்டுறதுக்கும் மஞ்சள் நீருக்கும் நடுவுல மட்டும் போயிடக் கூடாதுடீ," என்றாய்.

"வாயக் கழுவு."

"இல்லடீ, யோசிச்சுப் பாரு. கல்யாணம் கட்டாதவ நான், செத்தா எங்க பங்காளிங்க எல்லாருக்கும் தீட்டு. கோயில் வாசல்ல கால் வைக்க மாட்டாங்க. அந்தத் தோட்டத்துல பாதி எங்க பங்காளிங்கதானே. என் ஆராய்ச்சிய நானே கெடுத்துட்டுப் போயிடுவேன்."

"அப்ப எப்பத்தான் போறதா உத்தேசம்?" என்று கேட்டேன். உன்னோடு பழகிப் பழகி எனக்கும் நாக்கு அப்படியாகிவிட்டது.

"கெடா சாப்பாடு முடிஞ்சு, கை கழுவிட்டு."

இருவரும் சிரித்தோம். நான் அடுக்களைக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

நீ சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. இதை மட்டும் செய்யவில்லை. காப்புக் கட்டி, திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டாய்.

உன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தோடு துக்கமாக, மஞ்சள் நீராட்டு நாளில் காலியாகக் கிடக்கப்போகும் நாற்காலிகள்தான் என் கண்ணில் நின்றன. கிளினிக்கில் ஃபாரா நேராக்கிய அதே காலி நாற்காலிகள். உன்னை இழந்ததோடு உன் வேலையையும் இழக்கப்போகிறோம் என்று நினைக்க நினைக்க, உன் மேலேயே கோபம் வந்தது.

மாணிக்கம் அண்ணன் வந்தார். கையில் கட்டியிருந்த காப்பைக் கழற்றித் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எனக்குத் தெரிந்து அவர் இல்லாமல் அந்தக் கோயிலில் திருவிழா நடந்ததில்லை. உன் கால்மாட்டில் வந்து நின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"சரசு, அந்த ஐஸ் பெட்டி எங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "இப்ப என்னத்துக்குண்ணே அது?"

"கோயிலுக்குள்ளதானே நாங்க வரக் கூடாது? ரோட்டுக்கு எதுத்தாப்ல ஆயாக்கொட்டகை சும்மாதானே கெடக்கு. மேசைய அங்க போடு. பங்காளிங்கள நான் கூட்டிட்டு வரேன்."

ஆயாக்கொட்டகை உனக்குத் தெரியாததா? நம் அம்மாமார் வேலைக்குப் போகும்போது நம்மைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போன அதே பிள்ளைக் கொட்டகை. கூரை பாதி போய்விட்டது. கோயில் எல்லைக்கு வெளியே, சாலைக்கு மறுபக்கம். உன்னைத் தகனம் செய்து சாம்பல் கரைத்த பிறகு, நானும் ஃபாராவும் போய்க் கூட்டிப் பெருக்கினோம். யார் வருவார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று ஒன்றும் தெரியாது. சாவு விழுந்த குடும்பத்து ஆட்கள் பதினாறாம் நாள் முடியும்வரை நல்லது எதற்கும் வெளியே கிளம்ப மாட்டார்கள். இது நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்?

மஞ்சள் நீராட்டு அன்று வெளிச்சம் வரும்போது முதல் ஆளாக மாணிக்கம் அண்ணன் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் உன் சித்தப்பா குடும்பம், நீலாய்க்காரர்கள், ஜொகூரிலிருந்து சாவுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். கோயில் பூசாரி சாலையைக் கடந்து வந்து, எங்கள் யார்மீதும் படாமல், பெட்டியின் கைப்பிடியில் வேப்பிலை கட்டிவிட்டுத் திரும்பினார். அண்ணன்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தீட்டுக்காரரான அண்ணன் அந்தப் பெட்டியைத் தொடாமல் தள்ளி நின்று, முடிச்சு சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாற்காலியில் அவரே உட்கார்ந்து, காப்பில்லாத வெறுங்கையை நீட்டினார். உன் கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். நானே கேட்டேன்.

"கோப்பி குடிச்சாச்சாண்ணே?"

"குடிக்கல லா. அவ கேப்பான்னு தெரியும்."

ஸ்பிரிட் பஞ்சால் அவர் கையை மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டு அனுபவத்தில் ஊசி எடுக்க நான் தயங்கியது அன்றுதான். அவர் அதைப் பார்த்துவிட்டு, "குத்து சரசு. அலகா குத்தப் போற," என்றார். குத்தினேன். ரத்தம் நன்றாக வந்தது. வரணும் என்று நீ சொன்னது போலவே வந்தது.

கொஞ்ச நேரத்தில் கோயில் பக்கமிருந்து காப்பு கழற்றியவர்கள் ஈர மஞ்சள் துணியோடு சாலையைக் கடந்து வந்தார்கள். தீட்டுக்காரர்களோடு ஒட்டாமல் அந்தப் பக்கம் தனி வரிசை நின்றார்கள். "மக்சிக், ஏன் ரெண்டு வரிசை?" என்று, என்னை அத்தை முறை வைத்துக் கூப்பிடும் ஃபாரா மெதுவாகக் கேட்டாள். விளக்கிச் சொல்ல எனக்கு நேரமில்லை. இந்த வரிசையில் ஒருவர், அந்த வரிசையில் ஒருவர் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டேன். எடுத்த ரத்தம் எல்லாம் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்றது. ஒருவர் விடாமல் கேட்டேன். ஒருவர்கூடக் கோப்பி குடித்திருக்கவில்லை. அந்த ஆண்டுதான் நாம் ஒருவரையும் திருப்பி அனுப்பாத ஆண்டு. ஃபாரா பெட்டியை மூடும்போது அது நிரம்பியிருந்தது. வேப்பிலையில் கொஞ்சம் உதிர்ந்து உள்ளே விழுந்ததை நான் பார்த்தேன், எடுக்கவில்லை.

கட்டுரை வெளிவந்துவிட்டது. உன் பெயர் முதலில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் குறி, கீழே நீ இப்போது இல்லை என்று ஒரு வரி. நீ சந்தேகப்பட்டது சரிதான் என்று கட்டுரை அடக்கமாகச் சொல்கிறது: இனிப்பு நீரும் கொதிப்பும் இல்லாத சிலருக்கும், வெயிலில் உழைத்த உடம்பில், வடிகட்டி மெல்லக் குறைந்துகொண்டு வந்திருக்கிறது. இன்னும் ஆராய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது. உங்கப்பா தலையில் கட்டியதை நீ இறக்கிவிட்டாய். நான் செண்டாயான் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

மாணிக்கம் அண்ணனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனாலும் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கோயில் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார். கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் திருவிழாவுக்கு வந்தவர்கள் என்று ஒரு வரி வருகிறது; அந்தப் பக்கம் எது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அதையும் காட்டுகிறார். தோட்டத்தில் இப்போது வேலை நடக்கும் இடத்திலேயே தண்ணீர்ப் பீப்பாய் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒதுங்கக் கூரை போட்டிருக்கிறார்கள். மருந்து தெளிக்கும் பெண்களுக்கு நடமாடும் கழிப்பறை வந்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் நம் ஆட்கள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வங்காளதேசத்துப் பிள்ளைகள். யார் குடித்தால் என்ன என்றுதான் நீ சொல்லியிருப்பாய். ஃபாரா இப்போது தன் முனைவர் பட்டத்துக்கு அவர்களையும் சேர்த்து அடுத்த சுற்றைத் தொடங்கப்போகிறாள். அவர்கள் கோப்பி குடிப்பதில்லையாம், விடிந்ததும் பால் தேநீராம். கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சிரிக்கிறாள். நல்ல பிள்ளை. உன்னைப் போலவே வடிகட்டியைக் கழுவாமல் மாட்டுகிறாள்.

மருமகள் பெட்டியை மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் வேறு பெட்டி கேட்கப் போனாள். போகும்போது, "அந்த எலைய ஏன் அத்தை வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். கடற்கரைக்குப் போய்விட்டு வரட்டும், உட்கார வைத்துச் சொல்கிறேன். நீ யார் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

அடுத்த மாதம் காப்புக் கட்டுகிறார்கள். ஃபாராவிடம் புதுப் பெட்டி இருக்கிறது. ஆனால் ரத்தம் எடுக்கும் முதல் நாளான மஞ்சள் நீராட்டு அன்று மட்டும் இந்த நீலப் பெட்டிதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காரில் என் மடியில்தான் வரும். என் ரத்தம் உன் ஆராய்ச்சியில் இல்லை. நான் தோட்டத்தில் ஒரு நாளும் குலை தூக்கியதில்லை. என் கையை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அன்று காலை நான் வரக்கோப்பி குடிக்க மாட்டேன். நீ கேட்பாய் என்று எனக்கும் தெரியும்.